பொட்டலம் பொட்டலமாக ஒரு துப்பாக்கி

துப்பாக்கிக் குழல் ஒரு கூரியர் பெட்டியில் வருகிறது. தோளோடு அணைத்துப் பிடிக்கும் பின்கட்டை இன்னொரு பெட்டியில். விசை, சுத்தியல், ஸ்பிரிங், பின் என்று சின்னச் சாமான்கள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வந்துவிடுகின்றன. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் இந்தப் பெட்டிகளை வாசலில் வைத்துவிட்டுப் போகிறவர், உள்ளே இருப்பவருக்கு என்ன வயது, அவர் சிறைக்குப் போய்வந்தவரா, மனைவியை அடித்ததற்காகத் தண்டனை பெற்றவரா என்று எதையும் கேட்பதில்லை. கேட்கச் சொல்லி அந்த நாட்டின் மத்திய சட்டமும் இல்லை. அந்தச் சட்டத்தின் கணக்கில் இவை எதுவும் துப்பாக்கி அல்ல.

ஒரே ஒரு உறுப்பு மட்டும் வீட்டுக்கு வராது. அதற்கு லோவர் ரிசீவர் என்று பெயர். விசையும் தோட்டா மேகசினும் பொருந்துகிற அடிக்கூடு அது. அலுமினியத்தில் அடித்துக் கடைந்து, கறுப்புப் பூச்சுக் கொடுத்திருப்பார்கள். கையில் எடுத்தால் கால் கிலோ எடைதான் இருக்கும். மேகசின் நுழைகிற சதுரக் கிணறு, விசை தொங்குகிற பள்ளம், பின்களுக்கான துளைகள், பக்கவாட்டில் தயாரிப்பாளரின் பெயர், ஊர், வரிசை எண். இதை வைத்துக்கொண்டு ஒரு தோட்டாவைக்கூடச் சுட முடியாது. ஆனாலும் சட்டப்படி துப்பாக்கி என்பது இதுதான். 1968-ல் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், துப்பாக்கியின் சட்டகத்தையே துப்பாக்கியாகக் கருதியது. ஏஆர்-15 என்ற ரைஃபிள் வகையில் அந்த இடம் லோவருக்குக் கிடைத்தது.

ஆகவே லோவரை ஆன்லைனில் வாங்கினாலும் அது உரிமம் பெற்ற ஒரு கடைக்குத்தான் வரும். வாங்குபவர் அங்கே போய் 4473 என்ற எண்ணுள்ள படிவத்தை நிரப்ப வேண்டும். வயது 21 ஆகியிருக்க வேண்டும். கடைக்காரர் எஃப்பிஐயின் பின்னணிச் சரிபார்ப்பு மையத்தைத் தொடர்புகொள்வார். 1998 நவம்பர் முதல் இயங்கிவரும் அந்த மையம் இதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. கடைக்காரர் தன் பங்குக்கு 20 முதல் 50 டாலர் வரை வாங்கிக்கொள்வார். சில நேரங்களில் லோவரின் விலையும் அவ்வளவுதான்.

நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்குக் கிடைக்கும் அலுமினியத் துண்டு. ஒரு வல்லரசின் துப்பாக்கிச் சட்டம் மொத்தமும் அதன்மேல் நிற்கிறது.

பில்லில் என்ன வரும்?

ஏஆர்-15-ஐ உதிரி பாகங்களாக வாங்கிச் சொந்தமாகக் கட்டுவது அமெரிக்காவில் லட்சக்கணக்கானோரின் பொழுதுபோக்கு. தனக்கென்று கட்டிக்கொள்ள மத்திய உரிமம் தேவையில்லை. விற்பதைத் தொழிலாகச் செய்தால்தான் உரிமம் வேண்டும். தொண்ணூறுகளில் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் கேபினெட் ஒரு கடையில், மதர்போர்டு ஒரு கடையில், ராம் இன்னொரு கடையில் என்று வாங்கி வந்து கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தவர்களுக்கு இந்த மனநிலை நன்றாகவே புரியும். யாருடைய பாகமும் யாருடைய பாகத்தோடும் பொருந்தும் என்பதுதான் இரண்டுக்கும் அடிப்படை.

விலைக்கு வருவோம். சாதாரண லோவர் 40, 50 டாலரில் தொடங்குகிறது. கென்டக்கி மாநிலத்தின் ஆண்டர்சன் நிறுவனம் இந்த விலைக்கே பேர்போனதாக இருந்தது. அதன் முத்திரையில் குதிரை இருந்ததால் ‘ஏழையின் குதிரைக்குட்டி’ என்று வாங்குகிறவர்கள் பட்டப்பெயரே வைத்திருந்தார்கள். மேல்கூடு 50 முதல் 120 டாலர். தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டி, சுட்ட பின் வெறும் கூட்டை வெளியே எறிகிற உருக்குத் தொகுதிக்குப் போல்ட் கேரியர் என்று பெயர். அது 80 முதல் 250. குழலைச் சுற்றிக் கைக்குப் பிடிமானம் தரும் உறை 50 முதல் 300. பின்கட்டையும் அதற்கான குழாயும் 60 முதல் 200. சின்னச் சாமான் பை 40 முதல் 100. விசை வெண்ணெய் மாதிரி வழுக்கி வரவேண்டும் என்று ஆசைப்பட்டால் அதற்கு மட்டுமே 250 டாலர் வரை போகும்.

குழலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 100 டாலருக்கும் குழல் உண்டு, 400 டாலருக்கும் உண்டு. உள்ளே குரோமியம் பூசிய குழலுக்குக் கூடுதல் விலை கேட்பார்கள். அந்தக் கூடுதல் விலைக்குப் பின்னால் ஒரு போர் இருக்கிறது. வியட்நாமில் அமெரிக்கப் படைக்கு முதலில் கொடுத்த எம்16 துப்பாக்கிகளின் குழலிலோ தோட்டா அறையிலோ குரோமியப் பூச்சு இல்லை. வெடிமருந்தின் வகையையும் இடையில் மாற்றினார்கள். இந்தத் துப்பாக்கியைத் துடைக்கவே வேண்டாம் என்ற பேச்சு பரவியது. துடைக்கும் சாமான்களும் போதுமான அளவில் போய்ச் சேரவில்லை. ஈரமும் சேறுமான காட்டில் சுட்ட கூடு அறைக்குள்ளேயே சிக்கிக்கொண்டது. சிக்கிய துப்பாக்கியைக் கையில் வைத்தபடி வீரர்கள் செத்தார்கள். 1967-ல் காங்கிரஸ் உறுப்பினர் இக்கார்டு தலைமையிலான குழு விசாரித்து ராணுவ நிர்வாகத்தைக் கடுமையாகக் கண்டித்தது. இந்தச் சாவுகளுக்குப் பிறகே குரோமியம் வந்தது. இன்று டெக்சாஸில் ஒருவர் தன் கேரேஜில் உட்கார்ந்து ‘குரோம் லைன்ட்’ என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குவதற்கு அந்தச் சாவுகளும் ஒரு காரணம்.

மேலே சொன்னவற்றில் மிக மலிவானதையே பொறுக்கி எடுத்தால் 500 டாலருக்குள் முடிக்கலாம். ஓரளவு தரமாக வேண்டுமென்றால் 900 முதல் 1,200. பேர்பெற்ற நிறுவனங்களின் பாகங்களாகத் தேடிச் சேர்த்தால் 2,000-ஐத் தாண்டிவிடும். இதில் குறிபார்க்கும் கருவியைச் சேர்க்கவில்லை. அது 100 டாலரிலும் கிடைக்கும். துப்பாக்கியின் விலையையே மிஞ்சியும் கிடைக்கும்.

பிறகு கருவிகள். பெஞ்ச் வைஸ், அதில் துப்பாக்கியை நசுங்காமல் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் கட்டை, டார்க் ரெஞ்ச், பின் அடிக்கும் பஞ்சுகள், தோட்டா அறையின் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் அளவுமானி. முதல்முறை கட்டுகிறவருக்கு இவையே 100, 200 டாலரை விழுங்கும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இங்கே அப்படியே பொருந்தும். முன்பக்கத்துப் பின்னைப் பொருத்தும்போது மயிரிழை போன்ற ஒரு ஸ்பிரிங் தெறித்து ஓடிவிடும். இந்த வேலையில் இறங்கிய எல்லோருக்கும் அது நடந்திருக்கும். தரைவிரிப்பில் மண்டியிட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அதைத் தேடுவார்கள். அதனாலேயே விவரம் தெரிந்தவர்கள் இரண்டு ஸ்பிரிங் சேர்த்து வாங்குகிறார்கள்.

இவ்வளவு பாடுபட்டு மிச்சம் பிடிக்கிறார்களா? இல்லை. தென் கரோலினாவின் பால்மெட்டோ ஸ்டேட் ஆர்மரி போன்ற நிறுவனங்கள் முழுத் துப்பாக்கியையே 500, 600 டாலருக்கு விற்கின்றன. மொத்தமாகத் தயாரிக்கும் ஆலையோடு தனி மனிதன் விலையில் போட்டிபோட முடியாது. ஒரு சின்ன ஆதாயம் மட்டும் உண்டு. 1937-ன் பிட்மன்–ராபர்ட்சன் சட்டப்படி முழு ரைஃபிளின் மீது 11 சதவீதக் கலால் வரி விழுகிறது. அந்தப் பணம் வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது. தனித்தனியாக விற்கும் பாகங்களுக்கு அந்த வரி கிடையாது. ஆனால் பல கடைகளிலிருந்து வரவழைக்கும் கூரியர் செலவு அதைச் சாப்பிட்டுவிடும். கட்டியதை விற்கப்போனால் இன்னும் மோசம். நாலைந்து கம்பெனிச் சரக்கைச் சேர்த்துக் கட்டிய துப்பாக்கியை ‘பிராங்கன்கன்’ என்பார்கள். பாகங்களுக்குப் போட்ட பணம்கூடத் திரும்பி வராது. உத்தரவாதம் தர ஆளில்லை.

பிறகு தோட்டா. ஒன்று இன்றைக்கு அரை டாலர் அளவில் விற்கிறது. பயிற்சிக் களத்தில் ஒரு மதியத்தில் 200 சுட்டால் 100 டாலர் காலி. மலிவு விலையில் கட்டிய துப்பாக்கியின் முழு விலையும் ஐந்தாறு மதியங்களில் தோட்டாவாகவே செலவாகிவிடும்.

ஆகவே மலிவுக்காகக் கட்டுகிறேன் என்பது சரியான காரணமாக இருக்க முடியாது. என் கையால் கட்டியது, என் உடம்புக்கும் தோளுக்கும் ஏற்றபடி அமைந்தது என்ற பெருமைக்காகக் கட்டுகிறார்கள். இந்த மாதம் குழல், அடுத்த மாதம் போல்ட் என்று சம்பளத்துக்குத் தக்கபடி வாங்கும் வசதிக்காகக் கட்டுகிறார்கள். இயந்திரத்தைப் புரிந்துகொள்ளும் ஆசையும் இருக்கிறது. இதையெல்லாம் நான் குறைத்துப் பேசமாட்டேன். கட்டுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒருவரையும் சுடாதவர்கள். காகிதக் குறியும், வயலை நாசம் செய்யும் காட்டுப்பன்றியுமே அவர்களுடைய இலக்கு. மிகச் சிலர் மட்டும் வேறு காரணத்துக்காகக் கட்டுகிறார்கள். அவர்களுக்குத் தேவை, யாரும் பெயர் கேட்காமல் இருப்பது.

ஹாலிவுட்டில் பிறந்தது

இந்தத் துப்பாக்கி பிறந்தது கலிஃபோர்னியாவின் ஹாலிவுட்டில், ஃபேர்சைல்டு விமான நிறுவனத்தின் கிளையான ஆர்மலைட்டில். ஏஆர் என்பது ‘ஆர்மலைட் ரைஃபிள்’ என்பதன் சுருக்கம். இரண்டாம் உலகப் போரில் மரைன் படையில் இருந்த யூஜின் ஸ்டோனர், கனத்த இரும்பையும் மரத்தையும் தவிர்த்து, விமானத் தொழிலின் அலுமினியத்தையும் பிளாஸ்டிக்கையும் கொண்டு ரைஃபிள் செய்தார். ஐம்பதுகளின் நடுவில் ஏஆர்-10 வந்தது. அதையே சிறிய தோட்டாவுக்காகச் சுருக்கியபோது ஏஆர்-15 ஆயிற்று. 1959-ல் ஆர்மலைட் உரிமையை கோல்ட் நிறுவனத்துக்கு விற்றது. ராணுவத்துக்குப் போனது எம்16 ஆனது. விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரே தோட்டா பாய்கிற அரைத் தானியங்கி வடிவத்தைக் கோல்ட் 1964 முதல் பொதுமக்களுக்கு விற்றது. அன்று விளம்பரத்தில் இருந்த விலை 189.50 டாலர்.

ஸ்டோனரின் காப்புரிமை 1977-ல் காலாவதியானது. அதற்குப் பிறகு யாரும் செய்யலாம் என்றாயிற்று. ராணுவம் எம்16-ன் ஒவ்வொரு பாகத்தின் அளவையும் வரைபடமாக நிலைநிறுத்தி வைத்திருந்ததால், அந்த அளவில் செய்யும் எந்தப் பட்டறையின் சரக்கும் மற்றதோடு பொருந்தியது. இன்றைய உதிரிச் சந்தைக்கு வித்து அங்கேதான் விழுந்தது. ஆனாலும் நீண்ட காலம் இது கொஞ்சப் பேரின் துப்பாக்கியாகவே இருந்தது. 1994-ல் கிளிண்டன் ஆட்சியில் வந்த தாக்குதல் ஆயுதத் தடை பத்தாண்டுக்குத்தான். 2004 செப்டம்பரில் அதை நீட்டிக்காமல் விட்டார்கள். அதே காலத்தில் ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் இதன் உடன்பிறப்பைச் சுமந்து திரிந்த இளைஞர்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். சந்தை வெடித்தது. 2022-ல் இந்த வகை ரைஃபிள்கள் 2 கோடியே 40 லட்சத்துக்கு மேல் புழக்கத்தில் இருப்பதாகத் துப்பாக்கித் தொழில் சங்கமான என்எஸ்எஸ்எஃப் மதிப்பிட்டது.

இந்தச் சந்தையில் விலை ஏறுவதும் இறங்குவதும் நமக்குப் பழகிய காரணங்களால் அல்ல. 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டதும், இனித் தடை வரும் என்ற பயத்தில் கடைகள் காலியாயின. மேகசின்கள் பல மடங்கு விலைக்குக் கைமாறின. 2016-ல் டிரம்ப் ஜெயித்ததும் தடை பயம் போய், விற்பனை படுத்தது. 2020-ல் கொரோனாவும் தெருக் கலவரமும் சேர்ந்துகொண்டபோது எஃப்பிஐ அதுவரை காணாத அளவில் 3 கோடியே 97 லட்சம் பின்னணிச் சரிபார்ப்புகளைச் செய்தது. குழந்தைகளின் சாவு ஒரு பொருளின் விலையை ஏற்றுகிறது, அந்தப் பொருளின் தேவையையே கூட்டுகிறது என்றால் அந்தச் சந்தையில் அடிப்படையாகவே ஏதோ கோணலாக இருக்கிறது.

எது துப்பாக்கி?

தெற்கு கலிஃபோர்னியாவில் ஒருவர் ஒரு பட்டறை வைத்திருந்தார். வாடிக்கையாளர் பாகங்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார். அரைகுறையாகக் கடைந்த லோவரை இயந்திரத்தில் வைத்து, வாடிக்கையாளரையே பொத்தானை அமுக்கச் சொல்வார்கள். அமுக்கியவர்தான் ‘தயாரித்தவர்’ என்று கணக்கு. கொஞ்ச நேரத்தில் சுமார் 1,000 டாலருக்கு வரிசை எண் இல்லாத முழுத் துப்பாக்கியோடு வீட்டுக்குப் போகலாம். உரிமம் இல்லாமல் துப்பாக்கி தயாரித்து விற்றதாக அவர்மேல் வழக்குப் போட்டார்கள்.

அவருடைய வக்கீல் சட்டப் புத்தகத்தைத் திறந்து ஒரு வரியைக் காட்டினார். ரிசீவர் என்றால் சுத்தியல், போல்ட், சுடும் பொறி ஆகியவற்றுக்கு இடம் தருவதும், வழக்கமாகக் குழல் திருகுவதற்கு முன்பக்கம் மரை உள்ளதும் என்று விதி சொன்னது. ஏஆர்-15-ன் லோவரில் போல்ட் இருப்பதில்லை. அது மேல்கூட்டில் ஓடுகிறது. குழலும் மேல்கூட்டில்தான் மாட்டுகிறது. அப்படியானால் லோவர் எப்படித் துப்பாக்கி ஆகும்? 2019-ல் நீதிபதி தன் தற்காலிக உத்தரவில் இந்த வாதத்தை ஏற்றார். அரசு வக்கீல்கள் ஆடிப்போனார்கள். அந்த உத்தரவு நிலைத்தால் நாடெங்கும் ஏஆர்-15 மீதான கட்டுப்பாடே ஆட்டம் காணும். உத்தரவு நிரந்தரமாகிவிடாமல் இருக்க அவர்கள் குற்றம்சாட்டப்பட்டவரோடு சமரசம் செய்துகொண்டார்கள். அரை நூற்றாண்டாகச் சட்டம் நின்றுகொண்டிருந்த கால் எவ்வளவு மெலிந்தது என்று அந்த வழக்கு காட்டிக்கொடுத்தது.

முழுதாகக் கடையாத லோவர் இன்னொரு தலைவலி. எண்பது சதவீதம் முடிந்தது என்ற பெயரில், எண் பொறிக்காமல், சரிபார்ப்பு இல்லாமல் அது விற்றது. 2013-ல் சான்டா மோனிகாவில் 5 பேரைக் கொன்றவன் துப்பாக்கி வாங்க முயன்று கலிஃபோர்னியா அரசால் மறுக்கப்பட்டவன். பாகங்களாக வாங்கிச் சேர்த்துக்கொண்டான். 2017-ல் அதே மாநிலத்தின் ராஞ்சோ தெஹாமாவில் மனைவியையும் மேலும் 4 பேரையும் கொன்றவனுக்குத் துப்பாக்கி வைத்திருக்க நீதிமன்றத் தடை இருந்தது. அவனும் தன் ரைஃபிள்களை வீட்டிலேயே கட்டியிருந்தான். 2021-ல் மட்டும் குற்ற விசாரணைகளில் பிடிபட்ட, எண்ணில்லாத் துப்பாக்கிகள் என்று சந்தேகிக்கப்பட்டவை சுமார் 20,000 என அமெரிக்க அரசு சொன்னது. அது 2016-ஐவிடப் பத்து மடங்கு. பைடன் அரசு 2022-ல் விதியை மாற்றியது. எளிதில் துப்பாக்கியாக்கக்கூடிய தொகுப்பும் துப்பாக்கியே, எண்ணும் சரிபார்ப்பும் வேண்டும் என்றது. ஏஆர்-15-ன் லோவர்தான் ரிசீவர் என்றும் பெயர் சொல்லியே எழுதிவைத்தது. அதை எதிர்த்த வழக்கில் 2025 மார்ச் 26 அன்று உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் விதியை உறுதிசெய்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர், டிரம்ப் நியமித்த நீதிபதி நீல் கோர்சச்.

இது நல்ல தீர்ப்பு. ஆனால் குழலும் போல்ட்டும் இன்னும் மத்திய சட்டத்தின் கண்ணில் படாமலே போய்வருகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் குழல், போல்ட், சட்டகம் எல்லாவற்றையும் அத்தியாவசிய உறுப்புகள் என்று வகுத்து முழுத் துப்பாக்கிக்குரிய கட்டுப்பாட்டை அவற்றுக்கும் வைத்திருக்கிறது. இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டமும் ஆயுதம் என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களைச் சேர்த்தே விளக்கம் தருகிறது. துப்பாக்கியைத் துப்பாக்கியாக்குவது தோட்டாவின் அழுத்தத்தைத் தாங்கும் குழலும் போல்ட்டும்தான். மலிவான அடிக்கூட்டை மட்டும் எண்ணிவிட்டு மற்றதை விட்டுவிடுவது, வீட்டுக் கதவைத் திறந்துவைத்துவிட்டு ஜன்னலைப் பூட்டுகிற வேலை.

பில்லில் வராதது

2022 மே மாதம் டெக்சாஸின் யுவால்டி ஊரில் 18 வயது முடிந்த சில நாளிலேயே ஒருவன் இரண்டு ஏஆர் வகை ரைஃபிள்களைச் சட்டப்படி வாங்கினான். அவற்றில் ஒன்றின் விலை சுமார் 2,000 டாலர். அவன் எதையும் உதிரியாகக் கட்டவில்லை. முழுதாக வாங்கினான். லோவரை மட்டும் தனியாகக் கேட்டிருந்தால் 21 வயது ஆகவில்லை என்று மறுத்திருப்பார்கள். முழு ரைஃபிளுக்கு 18 போதும். ராப் தொடக்கப் பள்ளியில் 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் கொன்றான். 376 காவலர்கள் வந்து குவிந்தும் 77 நிமிடம் கழித்தே அந்த வகுப்பறைக்குள் நுழைந்தார்கள்.

அந்தத் தோட்டா நொடிக்கு 900 மீட்டருக்கு மேல் பாயும். சிறு உடம்பில் அது என்ன செய்யும் என்பதை விவரிக்க எனக்கு மனமில்லை. பெற்றோரிடம் டிஎன்ஏ மாதிரி வாங்கித்தான் பிள்ளைகளில் சிலரை அடையாளம் காண வேண்டியிருந்தது. அந்த ஊரில் பிறந்த நடிகர் மேத்யூ மெக்கானகே சில நாள் கழித்து வெள்ளை மாளிகையில் பேசினார். ஒரு சிறுமியின் பச்சை நிறக் கான்வர்ஸ் காலணிகளைப் பற்றிச் சொன்னார். வலதுகால் விரல் பக்கம் அவள் கையாலேயே வரைந்த ஓர் இதயம். அவள்தான் என்று தெளிவாகச் சொல்ல அந்தக் காலணிதான் மிஞ்சியது.

2023 மே மாதம் அதே மாநிலத்தின் ஆலன் நகரில் ஒரு வணிக வளாகத்தில் 8 பேர் ஏஆர் வகைத் துப்பாக்கிக்குப் பலியானார்கள். அவர்களில் ஒருவர் ஹைதராபாத்திலிருந்து போய் வேலை பார்த்துவந்த இளம் பெண் பொறியாளர். டாலஸ் வட்டாரத்தில் தமிழ்க் குடும்பங்கள் வார இறுதியில் போய்வரும் இடம் அது.

சாண்டி ஹூக் பெற்றோர்கள், அங்கே பயன்பட்ட ரைஃபிளைத் தயாரித்த ரெமிங்டன் நிறுவனத்தை நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். துப்பாக்கி நிறுவனங்களை வழக்கிலிருந்து காப்பாற்ற 2005-ல் போட்ட சட்டம் குறுக்கே நின்றது. அவர்கள் விளம்பரத்தைப் பிடித்தார்கள்: இந்த ரைஃபிளை வாங்கினால்தான் ஆம்பளை என்கிற பாணியில் விற்றதைக் கேள்வி கேட்டார்கள். 2022 பிப்ரவரியில் 7 கோடியே 30 லட்சம் டாலருக்கு வழக்கு சமரசமானது. பணத்தைக் கட்டியவை காப்பீட்டு நிறுவனங்கள். ஒரு நிறுவனத்தின் பெயர் பொறித்த துப்பாக்கி என்பதால் இந்த அளவுக்காவது முடிந்தது. பத்துக் கடையில் பத்துப் பாகம் வாங்கிக் கட்டிய துப்பாக்கியாக இருந்தால் அந்தப் பெற்றோர் யார் வீட்டு வாசலில் போய் நின்றிருப்பார்கள்?

நேர்மையாக இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் துப்பாக்கிச் சாவுகளில் ரைஃபிள்களின் பங்கு சிறியது. 2020-ல் எஃப்பிஐ கணக்கில் வந்த துப்பாக்கிக் கொலைகளில் கைத்துப்பாக்கிகள் 59 சதவீதம், ரைஃபிள்கள் 3 சதவீதம். 2021-ல் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். செய்தியில் வராத சாவுகள் அவை. பெரும்பாலும் வீட்டுக்குள் நடந்தவை. 2020 முதல் அந்த நாட்டில் 1 முதல் 19 வயதுள்ளவர்களின் சாவுக்கு முதல் காரணம் துப்பாக்கிதான். கார் விபத்தை அது முந்திவிட்டது.

குழலுக்கு 400, குறிபார்க்கும் கருவிக்கு 500 என்று ஆசை ஆசையாகப் பட்டியல் போடும் பலர் ஒரு பொருளை எழுதாமல் விட்டுவிடுகிறார்கள்: பூட்டுள்ள இரும்புப் பெட்டி. 150, 200 டாலருக்கு அது கிடைக்கிறது. அதற்கும் பணமில்லை என்றால், துப்பாக்கித் தொழில் சங்கமே நடத்தும் ‘பிராஜெக்ட் சைல்ட்சேஃப்’ திட்டத்தில் கேபிள் பூட்டு இலவசமாகத் தருகிறார்கள். பல காவல் நிலையங்களில் கேட்டால் கிடைக்கும். சரிபார்ப்புக்குக் கடைக்காரர் வாங்கும் 20 டாலரையும் இந்தப் பூட்டையும் சுமையாக நினைக்கிறவருக்குத் துப்பாக்கி வைத்துக்கொள்ளும் தகுதி இல்லை என்பது என் உறுதியான கருத்து.

அமெரிக்காவில் பிள்ளைகளை வளர்க்கும் நம்மவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மகனோ மகளோ நண்பன் வீட்டுக்கு விளையாடப் போகும்போது வேர்க்கடலை அலர்ஜி உண்டு, நாய் என்றால் பயம் என்றெல்லாம் கூச்சமில்லாமல் சொல்லி அனுப்புகிறோம். அதோடு இதையும் கேளுங்கள்: உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, தோட்டாவைத் தனியாக எடுத்துத் துப்பாக்கியைப் பூட்டி வைத்திருக்கிறீர்களா? அங்குள்ள குழந்தை மருத்துவர்கள் சங்கம் பல ஆண்டுகளாகப் பெற்றோரிடம் கேட்கச் சொல்லிவரும் கேள்விதான் இது. பொறுப்புள்ள துப்பாக்கிக்காரர் யாரும் இதற்குக் கோபப்படமாட்டார். பூட்டைக் காட்டவே செய்வார். பதில் தெளிவாக வரவில்லை என்றால், அந்தப் பிள்ளையை உங்கள் வீட்டுக்கு விளையாட அழையுங்கள்.